ராகு காலத்தை நிறுத்திய வாட்ச்

பெண் பார்க்க வந்தால் தலை குனிந்துதான் காபி கொடுக்க வேண்டும். குனிந்த தலைக்கு மாப்பிள்ளை முகமா தெரியும்? எனக்குத் தெரிந்தது அவருடைய அப்பாவின் வாட்ச்தான்.

எழுபதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வாட்ச், சுவிஸ் ஆட்டோமேட்டிக். அவர் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம். பாலாடை நிற டயல், பொன் முட்கள். செகண்ட் முள் துடிக்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்படி ஓர் அழகை நான் எந்தக் கையிலும் பார்த்ததில்லை.

"விசேஷத்துக்கு மட்டும்தான் பீரோவிலேர்ந்து எடுப்பேன். சாவியே கொடுக்க வேணாங்க. கை ஆடினாப் போதும், தானே ஓடும்" என்று என் அப்பாவிடம் சொன்னவர், எல்லோரும் பார்க்கட்டும் என்று இடது கையை நாற்காலிக் கைப்பிடி மேல் வைத்தார். வைத்த கையை அசைக்கவே இல்லை.

"பாடத் தெரியுமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"நமக்குக் கேக்கத் தெரியுமாப்பா?" என்றது மாப்பிள்ளையின் குரல். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கட்டினால் இவரைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

"பிடிச்சிருந்தா பத்தரைக்குள்ள பூ வச்சிடுவோம். ராகு காலம் வந்துட்டா கிளம்பிடுவோம். ஞாயித்துக்கிழமை உறையூர்ல ஒரு பொண்ணைப் பாக்கறதா சொல்லியிருக்கு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அந்த உறையூர்க்காரி யாரோ, எவரோ. அவள் மேல் எனக்கு அப்படி ஓர் எரிச்சல்.

பேச்சு நீண்டது. கேசரி கொண்டுபோனபோது வாட்சில் பத்து பத்து. வெகுநேரம் கழித்துத் தண்ணீர் கொண்டுபோனபோதும் பத்து பத்து! செகண்ட் முள் செத்துக் கிடந்தது. சமையலறைக்கு ஓடி டைம்பீஸைப் பார்த்தேன். பத்தே முக்கால். ஐயோ!

சொன்னால் மாப்பிள்ளை உறையூருக்குப் போய்விடுவார். டைம்பீஸை அரிசி டின் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நேரம் என்னங்க ஆச்சு?" என்று கேட்டார் வாட்ச் இல்லாத என் அப்பா.

மாப்பிள்ளையின் அப்பா கம்பீரமாகக் குனிந்து வாட்சைப் பார்த்தார். "பத்து பத்துதான். நிறைய நேரம் இருக்கு."

மாமியார் எனக்குப் பூ வைத்தார். மாமனார் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்ததில் வாட்ச் மறுபடி ஓட ஆரம்பித்தது. வீட்டுக்குப் போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவர், இவ்வளவு நேரமானதற்கு டவுன் பஸ் டிரைவரைத் திட்டினாராம்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட்டேன். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. ஏழெட்டு வருடம் கழித்து, மனசு கேட்காமல் கணவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுதேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடியே, என் கையிலயும் வாட்ச் இருந்துது. அந்த வெயில்ல முழுக்கைச் சட்டைய மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டு, ஏன் பட்டன் போட்டிருந்தேன்னு நினைச்சே?"

சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. கோபமும்தான். அடுத்த வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தை அவரைத்தான் பிழிய விட்டேன்.