அரிப்பு எப்படி இருக்கு சார்?

போன வாரம் ஒரு சாயங்காலம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஹால். என் வீட்டுக்காரர் கதவு நிலையில் முதுகைத் தேய்த்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பரவால்லம்மா... நல்லாவே இருக்கு. அரிப்பெல்லாம் ரொம்பக் குறைஞ்சிருச்சு."

தேய்ப்பது மட்டும் நிற்கவில்லை. கழுத்தெல்லாம் வட்ட வட்டமாகத் தடிப்பு, செக்கச்செவேல் என்று. எனக்குப் பகீர் என்றது.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் ரிட்டயர் ஆனதிலிருந்து மனுஷருக்குக் காணாக்கடி. திடீரென்று தடிக்கும், எரியும், மறையும், இன்னோர் இடத்தில் கிளம்பும். நான் சும்மா இருப்பேனா? கத்திரிக்காயைச் சந்தேகப்பட்டேன். சோப்பைச் சந்தேகப்பட்டேன். மணப்பாறை முறுக்கை நிறுத்தினேன் — அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கணுமே! லால்குடி நாத்தனார் கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெயைக்கூட விட்டுவைக்கவில்லை. அதில் வந்த சண்டை தனி.

கடைசியில் தென்னூரில் ஒரு தோல் டாக்டர் சொன்னார்: "வெளியில தேடாதீங்கம்மா. சாரோட நோய் எதிர்ப்பு சக்தியே அவரைத் தப்பா நினைச்சுச் சண்டை போடுது."

சொந்த உடம்பையே நம்பாத உடம்பு! அட, சந்தேகத்தில் என் ஜாதி!

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இதற்கு ஒரு கம்பெனியின் புது மருந்தை வைத்து ஆராய்ச்சி நடக்கிறதாம். சிலருக்கு மருந்து ஊசி, சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். தெரியாதாமே!

"நாம என்ன சோதனை எலியா?" என்று இவரை முறைத்தேன்.

"அரிப்பு உனக்கா எனக்கா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து நான் சிஐடி. ஊசி போட்டதும் அங்கே காபி கொடுத்தார்கள். எதற்குக் கொடுக்கிறார்கள்? தினமும் சாயங்காலம் ஒரு நர்ஸ் போன் பண்ணி, "அரிப்பு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டாள். ஏன் இத்தனை இனிமையாகப் பேசுகிறாள்?

அதனால்தான் அன்றைக்குப் போனைப் பிடுங்கினேன். "ஏம்மா, இவர் சொல்றதை நம்பாதீங்க. இப்பவும் நிலையில தேய்ச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாரு!"

நர்ஸ் பதறிவிட்டாள்.

"ஐயோ... தாங்க முடியாதவங்களுக்குக் கொடுக்கன்னே வேற மாத்திரை இருக்கு மேடம். சார் நல்லா இருக்குன்னே சொல்லிட்டிருந்தாரே! ஊசி போட்டுக்கிட்டவங்க சொல்றதை வச்சுத்தானே அந்த ஊசி கேக்குதா இல்லையான்னு பார்க்கிறோம்?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். "ஏங்க, தூக்கமில்லாம இப்படித் தவிக்கிறீங்களே, வாயைத் தொறந்து சொன்னா என்ன?"

"அந்தப் பொண்ணு அவ்வளவு அக்கறையா கேக்குது. மொத நாள் அரிக்குதுன்னு சொன்னேன்... அதோட குரலே இறங்கிப்போச்சு. பாவமா இருந்துச்சு."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

நம்ம ஊர் சுபாவம் அப்படி. ஐசியூவில் படுத்திருந்தாலும், எப்படி இருக்கீங்க என்று யாராவது கேட்டால் "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்போம். கேட்டவர் மனசு நோகக் கூடாதே! ஆனால் ஆராய்ச்சியில் இந்த மரியாதை வேலைக்கு ஆகுமா? இவர் ஆசையாகச் சொன்ன பொய்யை நம்பி, நாளைக்கு இதே அரிப்போடு வருகிற யாரோ ஒருவருக்கு உதவாத ஊசியைப் போட்டால்? கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், டாக்டரைச் சந்தேகப்பட்டேன், காபியைக்கூடச் சந்தேகப்பட்டேன். வீட்டு ஹாலில் நின்றவரை விட்டுவிட்டேன்.

மறுநாள் போன் வந்தபோது பக்கத்திலேயே நின்றேன். "நல்லா... நல்லா இல்லம்மா. சுத்தமா தூக்கமே இல்லை" என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். மாத்திரை கொடுத்தார்கள். இப்போது தடிப்பு அடங்கியிருக்கிறது. மத்தியானத்திலேயே குறட்டை! கேட்கவே நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் நேற்று சாப்பாடு பரிமாறும்போதுதான் திடுக்கென்றது... கல்யாணம் ஆன நாளிலிருந்து என் ரசத்தை "நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பவரும் இதே மனுஷர்தானே?