பெருநாள் கத்தியும் மாமாவின் பிடிவாதமும்

என் சொந்தத் தாய்மாமாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். யாரும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வர வேண்டாம்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் கடலூர் முதுநகரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டர். அந்த முதலாளி வாயைத் திறந்தால் வசவுதான். பிள்ளை பெற்ற மனிதரை 'டேய்' என்று கூப்பிட அவனுக்கு என்ன உரிமை? அங்கிருந்து கழன்றுகொள்ள இவருக்கு இருந்த ஒரே வழி கத்தி. வீட்டுக் கொல்லையில் உலை போட்டுத் தானே செய்ய ஆரம்பித்தார். சிதம்பரத்தில் கறிக்கடை வைத்திருந்த என் மாமா ஒரு கத்தியை மெச்சிவிட்டால் போதும், அந்த வரிசைக் கடைகள் எல்லாம் பெருநாளில் ஆடு அறுக்கும் குர்பானிக்கு எங்களிடமே வாங்கும். பட்டறைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

இவர் வாங்கிவந்தது, தகடு வெட்டும் அச்சுகளுக்கென்று வரும் எஃகில் மிஞ்சிய பட்டைகள். உலையில் நன்றாகப் பழுத்ததும் எடுத்துச் சும்மா காற்றில் தொங்கவிட்டால் அது தானாக இறுகிவிடும். ஆறியபின் மிதமாக இன்னொரு சூடு, அவ்வளவுதான். தண்ணீரில் முக்கினால் விரிசல் விட்டுவிடும்.

மாமா ரயிலேறி வந்து உலைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். இவர் கத்தியை எடுத்துக் கம்பியில் மாட்டினார்.

"என்னா மாப்ள, தண்ணி எங்க?"

"தண்ணி வேணாம் மாமா. இது காத்துலயே இறுகிடும்."

"காத்துல அப்பளம் காயும். தண்ணியில முக்காத கத்திக்கு ஏது தோய்ச்சல்?"

இவர் பொறுமையாகச் சொன்னார். ஆறியதும் அரம் வைத்துத் தேய்த்தும் காட்டினார், எஃகு அவ்வளவு இறுகியிருந்ததால் அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மாமா தலையை ஆட்டிவிட்டுக் கத்தியை வாங்கிக்கொண்டு போனார். போனவர் சும்மா இருந்தாரா? சிதம்பரத்தில் ஒரு கொல்லரிடம் கொடுத்து, மறுபடி பழுக்கவைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கச் சொல்லியிருக்கிறார். கத்தி நீளவாக்கில் பிளந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார்.

"பாரு ஒம் புருஷன் லட்சணத்த."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "முக்காதீங்கன்னு அவுங்க படிச்சிப் படிச்சிச் சொன்னாங்கள்ல? ஒடச்சது நீங்க, பழி அவுங்களுக்கா?"

"சொர்ருன்னு சத்தம் கேக்காத கத்திய எவன் நம்பி வாங்குவான்? எங்க கடைக்காரங்க ஒருத்தனும் வாங்க மாட்டான்."

யா அல்லா, கத்தியை வாங்குகிறார்களா, சத்தத்தை வாங்குகிறார்களா?

ஓர் அரிவாளுக்குப் பிடி போட்டுக் கொடுத்தால்கூட, உள்ளே இருப்பது பழைய கட்டை என்று தானாகவே சொல்லிவிடுகிற மனிதர் என் வீட்டுக்காரர். அடுத்த முறை மாமா இன்னும் இரண்டு கடைக்காரர்களோடு வந்தபோது, கத்தியோடு சேர்த்து, அதே வடிவத்தில் வெட்டிய சாதா இரும்புத் தகடு ஒன்றையும் இவர் உலையில் வைத்திருந்தார். கத்தியை எடுத்து அவர்கள் கண்ணில் படாமல் பின்பக்கம் தொங்கவிட்டார். தகட்டை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கினார். சொர்ரென்று ஆவி எழும்பியது. மூன்று முகமும் மலர்ந்தன.

"இது கத்தி!" என்றார் மாமா.

அவர்கள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, என்னாங்க இந்த நாடகம்?"

"நெசத்தச் சொன்னேன். யாரு கேட்டா?" என்றார்.

ஆர்டர் வந்தது. பட்டறையிலிருந்தும் நின்றுகொண்டார். பெருநாளன்று மாமா கறியோடு வந்தார், வாயெல்லாம் பல். "ஒரே இழுப்புப் புள்ள! ஆடு துடிக்கவே இல்ல. எல்லாம் அந்தத் தோய்ச்சல்தான்."

எனக்கு அடக்க முடியவில்லை. "அந்தக் கத்தியில ஒரு சொட்டுத் தண்ணி படல மாமா. நீங்க பாத்தது வெறும் தகடு."

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கண்ணால பாத்தேன், எனக்கே கத வுடுறா! என்னா மாப்ள?"

இவர் என் பக்கம் திரும்பவில்லை. "அவ கெடக்கா மாமா" என்று கூடச் சேர்ந்து சிரித்தார். சாப்பாடு கொண்டுபோகும்போது பட்டறை முதலாளி 'டேய்' என்னும்போது அவன் முன்னால் இவர் சிரித்து நான் பார்த்திருக்கிறேன். அதே சிரிப்பு.