நான் சொன்ன தக்காளி விலை

1. போர்டும் கீயும்

எனக்கு முதல் போஸ்டிங் பாலக்கோடு தாலுகாவில் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். எண்பதுகளின் தொடக்கம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. தப்புச் செய்தது நான். அதற்கு ஊர் என்ன செய்யும்?

எக்ஸ்சேஞ்ச் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகைக்கு எடுத்த ஒரு ஓட்டு வீடு. உள்ளே ஒரு போர்டு. ஊரில் மொத்தம் நாற்பது சொச்சம் கனெக்‌ஷன். யாராவது போனை எடுத்து அதன் மேக்னெட்டோக் கைப்பிடியைச் சுற்றினால் போர்டில் அந்த நம்பருக்கு மேல் இருக்கும் சின்ன ஷட்டர் டக்கென்று விழும். நான் கார்டு என்கிற வயரை அந்த நம்பரில் குத்தி, “நம்பர் ப்ளீஸ்” என்பேன். வெளியூர் என்றால் டிரங்க் கால். டிக்கெட் எழுதி, தர்மபுரியைக் கூப்பிட்டு, அவர்கள் அடுத்த ஊரைக் கூப்பிட்டு, லைன் கிடைப்பதற்குள் கேட்டவர் சாப்பிட்டுவிட்டே வந்துவிடலாம்.

முதல் நாள் இன்சார்ஜ் சார் போர்டில் இருந்த கீயைத் தொட்டுக் காட்டினார். அதைத் தள்ளினால் இரண்டு பக்கம் பேசுவதும் ஹெட்செட்டில் கேட்கும்; திருப்பினால் கேட்காது.

“இது லைன் நல்லா இருக்கான்னு பாக்கறதுக்கு. அவங்க வூட்டுச் சமாச்சாரம் கேக்கறதுக்கு இல்ல. கேட்டது வெளிய போச்சுன்னா வேல போயிரும். புரிஞ்சுதாம்மா?”

புரிந்தது என்று தலையாட்டினேன். இருபத்தியிரண்டு வயதில் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

2. ஜன்னலில் வந்த கேள்விகள்

பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு எங்கள் ஜன்னல்தான் பொழுதுபோக்கு. மாரண்டஹள்ளி பஸ் வரும்வரை ஏதாவது கேட்பார்கள். மெட்ராசுக்குப் பேசினால் சேலத்துக்குப் பேசுவதைவிடச் சத்தமாகப் பேச வேண்டுமா? சத்தமாகப் பேசினால் சார்ஜ் ஜாஸ்தியா? பெங்களூருக்குப் போன் போட்டால் கன்னடத்தில்தான் பேச வேண்டுமா? மூன்று நிமிடம் பேசாமல் சும்மா இருந்தாலும் காசு கொடுக்க வேண்டுமா? நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன். சில நாள் எரிச்சலோடு சொல்வேன். நான் ஒன்றும் அவ்வளவு பொறுமைசாலி இல்லை.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் எப்போதும் “தெரியாதுங்க” என்பேன். பெங்களூரில் இன்றைக்குத் தக்காளி என்ன விலை என்ற கேள்வி அது.

தெரியாது என்பது சுத்தப் பொய். ஊரில் கோவிந்தசாமி என்று ஒரு மண்டிக்காரர் இருந்தார். அந்தப் பக்கத்துத் தக்காளி பாதிக்கு மேல் அவர் கை வழியாகத்தான் போகும். தினம் காலை பத்து மணிக்குப் பெங்களூர் மண்டிக்கு அர்ஜென்ட் கால் போடுவார். அன்று விடியற்காலம் மார்க்கெட்டில் கூடை என்ன விலைக்குப் போனது என்று கேட்டுக்கொள்வார். பிறகு தன் மண்டி வாசலில் உட்கார்ந்து ஒரு விலை சொல்வார். அந்த விலைக்கு விவசாயிகள் மத்தியானம் பறித்துச் சாயங்காலம் கொண்டுவந்து போடுவார்கள். ராத்திரி லாரி ஏறும்; மறுநாள் விடிந்தால் பெங்களூர்.

லைன் மோசமாக இருக்கும்போது நான் கீயைத் தள்ளித்தான் ஆக வேண்டும். அங்கே முப்பது என்பார்கள். இங்கே வாசலில் பதினைந்து என்று கேள்விப்படுவேன். எங்கள் அப்பாவும் காரிமங்கலம் பக்கம் மானாவாரிக் காட்டில் பாடுபட்டவர்தான். வயிற்றெரிச்சலாக இருக்கும். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை.

3. நலவத்து

மாதையன் என்று ஒருவர். ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். பஸ்ஸுக்கு வந்தால் எங்கள் பானையில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். அந்த வாரம் அவருடைய கிணற்று மோட்டாரின் கம்பிச் சுருள், காயில் என்பார்கள், எரிந்துபோனது. அறுபது கூடைத் தக்காளி பறிக்கிற பதத்தில் நின்றது. அதைப் போட்டு வரும் பணத்தில்தான் மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தக்காளிக்குப் பக்கத்துத் துண்டில் அவர் அப்போதுதான் நட்டிருந்த கத்தரி நாற்று காய்ந்துவிடும். இதையெல்லாம் அவர் என்னிடம் புலம்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் காது சும்மா இருக்குமா?

அன்று பத்து மணி காலில் லைன் ஒரே இரைச்சல். கீயைத் தள்ளினேன். பெங்களூர்க்காரர் கன்னடமும் தமிழும் கலந்து கத்திக்கொண்டிருந்தார். “நலவத்து” என்று இரண்டு தடவை சொன்னார். நலவத்து என்றால் நாற்பது. கூடை நாற்பது ரூபாய். அந்த சீசனில் நான் கேட்டதிலேயே பெரிய விலை. அந்த நேரம் பார்த்து இன்சார்ஜ் சார் உள்ளே வந்தார். நான் கீயைச் சட்டென்று திருப்பிவிட்டேன்.

பதினொரு மணிக்கு மாதையன் ஜன்னலுக்கு வந்தார். கோவிந்தசாமி கூடைக்குப் பதினெட்டு சொல்கிறார் என்றார்.

“பெங்களூர்ல என்னாதாம்மா போவுது? உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?”

சார் டீ குடிக்கப் போயிருந்தார். நான் ஜன்னல் பக்கம் குனிந்து, “நாப்பதுங்கண்ணா. யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்றேன். சொன்னதும் எனக்குள் ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பெரிய தர்மம் செய்துவிட்ட மாதிரி அன்று முழுக்கத் தெம்பாக இருந்தேன்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்றால் யார் கேட்கிறார்கள்? அவர் தன் சகலையிடம் சொன்னார். சகலை பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் சொன்னார். சாயங்காலம் கோவிந்தசாமி மண்டி வாசல் வெறிச்சென்று கிடந்தது. ஊர்க்காரர்களே சேர்ந்து இரண்டு லாரி பிடித்துக்கொண்டு பெங்களூர் போனார்கள். எங்கள் ஜன்னலைத் தாண்டித்தான் அந்த லாரிகள் போயின. மாதையன் கூடைகளுக்கு மேல் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார்.

4. கேட்காத பாதி

மறுநாள் காலை பெங்களூர் மார்க்கெட்டில் கூடை பதினொரு ரூபாய். லாரி வாடகை, இறக்குக் கூலி, கமிஷன் எல்லாம் போக மாதையன் கையில் பஸ் சார்ஜ்தான் நின்றது. ஊருக்குத் திரும்பியவர்கள் எக்ஸ்சேஞ்ச் பக்கமே பார்க்காமல் போனார்கள். விஷயத்தை எனக்குச் சொன்னவர் கோவிந்தசாமிதான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு நேராக ஜன்னலுக்கு வந்து நின்றார். வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“நாப்பதுன்னதைக் கேட்டீங்க. செரி. அதுக்கப்பறம் அவன் என்ன சொன்னான்னு கேட்டீங்களாம்மா?”

அவரே சொன்னார். கோலார்ப் பக்கத்து லோடு இரண்டு நாளாக வரவில்லை, அதனால்தான் நாற்பது. நாளைக்கு மொத்தமாக வந்து இறங்கும், சரக்கு அனுப்பாதே என்று அந்தப் பெங்களூர்க்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நான் கீயைத் திருப்பிய பிறகு. கோலார் லோடு ஒரு பக்கம், எங்கள் ஊரிலிருந்து போன இரண்டு லாரி இன்னொரு பக்கம். விலை எப்படி நிற்கும்?

“அப்ப பதினெட்டுக்கு எப்படிங்க எடுக்கறேன்னீங்க?” என்று கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

“ரெண்டு நாள் கழிச்சு மெட்ராசுக்கு ஏத்தலாம்னு இருந்தேன். காயா பறிக்கச் சொல்லியிருந்தேன். எனக்கும் ரெண்டு காசு நிக்கணுமில்ல? முப்பது வித்தா பதினஞ்சு சொல்றவன்தான் நானு. அது என் பொழப்பு. ஆனா பதினொண்ணுக்குப் போயி நில்லுன்னு ஒருத்தனையும் நான் அனுப்பினதில்ல.”

புகார் எழுதப்போகிறீர்களா என்று கேட்டேன். எழுதினால் தனக்குத்தான் தினம் லைன் லேட்டாகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யோக்கியர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

மாதையனின் கத்தரி நாற்று காய்ந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். நெருப்பு வைத்த மாதிரி பழுப்பாகக் கிடந்தது. அவர் மனைவி குடத்தில் தண்ணீர் சுமந்து ஓரத்து வரிசைக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு மாதையன் வீட்டுக்குப் போனேன். அவர் வாங்கவில்லை. கோபமாக மறுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “கவர்மெண்டு சம்பளம் வாங்கற பொண்ணு, உங்க வூட்டுக்குக் குடும்மா” என்று சாதாரணமாகச் சொல்லி மோர் கொடுத்தார்.

5. ஒரு ஆர்டினரி கால்

மூன்று மாதம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. மோட்டாரை எப்படியோ கட்டி, அடுத்த தக்காளி போட்டிருக்கிறார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். பிறகு ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு ஜன்னலில் வந்து நின்றார். விலை கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் வாயைத் திறப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டேன். அன்றைக்கு நான் பாதிதான் கேட்டேன், முழுதும் கேட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அழுதும்விட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

“கோயிந்தசாமி சொன்னான்னு இத்தன வருசம் குடுத்தேன். நீங்க சொன்னீங்கன்னு ஒரு நாள் போனேன். நானா ஒரு நாளும் கேக்கலியேம்மா.”

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்தப் பதினொரு ரூபாய் நாளில் பெங்களூர் மண்டியில் கொடுத்த பட்டி. சரக்கு விற்றதற்கான சீட்டு. மேலே மண்டியின் பெயருக்குக் கீழே டெலிபோன் நம்பர் அச்சடித்திருந்தது.

“இந்த நம்பருக்கு ஒரு லைன் போட்டுக் குடுங்க. கன்னடம் எங்க வூட்டுல பேசறதுதானே. நானே கேட்டுக்கறேன்.”

இரண்டு வருஷமாக அந்த ஜன்னலில் எத்தனையோ பேர் விலை கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கே லைன் போட்டுத் தருகிறேன், நீங்களே கேளுங்கள் என்று ஒருவரிடம்கூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று வாசலிலேயே பி.சி.ஓ. பெட்டி இருந்தது. ஆனால் அது மண்டிக்காரர்களுக்கும் டாக்டருக்கும் ஆனது என்று அவர்கள் நினைத்தார்கள். நானும்தான் நினைத்திருக்கிறேன். விலையை ரகசியமாக எடுத்துக் கொடுப்பதுதான் உதவி என்று இருந்துவிட்டேன். டிபார்ட்மெண்ட் எனக்குச் சம்பளம் கொடுத்தது லைன் கொடுப்பதற்கு.

ஆர்டினரி கால் எழுதினேன். ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் நின்றார். தர்மபுரியில் இருந்த ஆபரேட்டரிடம் நான் நாலு தடவை கெஞ்சினேன். ஒரு தடவை சண்டையும் போட்டேன். லைன் வந்தது. பெட்டிக்குள் போய் ஊருக்கே கேட்கிற மாதிரி “அலோ” என்றார். மறுமுனையில் பதில் வந்ததும் கீயைத் திருப்பிவிட்டேன்.

கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விலையை மட்டும் கேட்கிறவர் மாதிரி தெரியவில்லை. ஒரு கேள்வி கேட்பார், பதிலைக் காதில் வாங்கிக்கொள்வார், தலையாட்டுவார், மறுபடி ஒரு கேள்வி. மூன்று நிமிடம் முடிந்து நான் குறுக்கே போய், “எக்ஸ்டெண்ட் பண்ணவாங்க?” என்றபோது, “இருங்கம்மா, இன்னும் முடியல” என்று என்னையே அதட்டினார்.

அந்த வருஷம் முடிவதற்குள் அந்த பி.சி.ஓ. வாசலில் காலையில் விவசாயிகள் கூட்டம் நின்றது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டு, கேட்டதை மற்றவர்களுக்கு அப்படியே ஒப்பிப்பார்கள். கோவிந்தசாமி கூடைக்கு மூன்று ரூபாய் ஏற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

இப்போது யார் கையைப் பார்த்தாலும் செல்போன். தக்காளியிலிருந்து தங்கம்வரை விலை அதிலேயே வருகிறது. நல்லதுதான். ஆனால் ஒரு விலையைப் பார்த்ததும் லாரி பிடிக்காதீர்கள். அது எப்போதைய விலை, அதற்கப்புறம் அவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.

அன்று மாதையன் பெட்டியிலிருந்து வியர்த்துப்போய் வெளியே வந்தார். ஆறு நிமிடத்துக்கான சார்ஜைக் கொடுத்தார். “நாளிக்கிப் பறிக்கலம்மா, நாளான்னிக்கிதான்” என்றார். பஸ் ஏறிவிட்டார். பெங்களூரில் அன்றைக்கு என்ன விலை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒழுங்காகப் போட்டுக் கொடுத்த கால் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.