சத்தத்துக்கு முன்னால் ஒரு நடுக்கம்

முதலில் ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கும், ஜன்னல் கண்ணாடி முனகும், சிவப்பு சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு உள்ளங்காலில் எறும்பு ஓடுவது போலிருக்கும். அதற்குப் பிறகுதான், ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் கழித்து, மலைப்பக்கமிருந்து ‘டமார்’ என்று சத்தம் வந்து சேரும். எண்பதுகளில் பம்மலுக்கும் அனகாபுத்தூருக்கும் நடுவே குடியிருந்த எங்களுக்கு இது தினப்படி சமாச்சாரம். கல்குவாரியில் விசில் ஊதி, சிவப்புக் கொடி காட்டி, பாறைக்கு வெடி வைப்பார்கள். அதற்கு எங்கள் தெருவில் ‘கல்லு வெடி’ என்று பெயர். சுவரில் விரிசல் விழாத வீடே கிடையாது. விரிசலின் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

என் தங்கை ஸ்டெல்லாவுக்கு அப்போது இரண்டரை வயது. நான் ஒன்பதாம் வகுப்பு. ஸ்டெல்லா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவும் மாட்டாள். “அவங்க அப்பா நாலு வயசுலதான் வாயைத் திறந்தாராம்” என்று அம்மா எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தாள். காது கேட்கவில்லையோ என்று யாராவது இழுத்தால் போதும், பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா சண்டைக்கே வந்துவிடுவார். “காது நல்லாத்தான் கீது! வெடி வெச்சா இன்னா குதி குதிக்குது பாரு. நாம கூப்டாதான் துரைசாணிக்குக் கேக்காது. அம்புட்டும் கொழுப்பு!” என்பார். அவர் சொன்னதும் பொய்யில்லை. கல்லு வெடி வைத்தால் ஸ்டெல்லா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் தட்டிச் சிரிப்பாள். வெடி கேட்கிற பிள்ளைக்குக் காது எப்படிக் கேட்காமல் போகும்? எங்கள் வீட்டில் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். பேச்சு வரவேண்டிய வயது மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அரைப் பரீட்சைக்கு முன்னால் ஒருநாள், தரையில் கவிழ்ந்து படுத்து இயற்பியல் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஒலி என்பது அலை, காற்றைவிடத் தண்ணீரில் வேகமாகப் போகும், அதைவிடப் பாறையிலும் இரும்பிலும் வேகமாகப் போகும் என்று ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே தட்டுகள் கிலுகிலுத்தன. எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா துள்ளி எழுந்து கைதட்டினாள். தட்டி முடித்து, சிரித்தும் முடித்து, தன் பொம்மையிடம் குனிந்த பிறகு சத்தம் வந்தது. அதற்கு அவள் நிமிரவே இல்லை. பாறை வழியாக ஓடிவந்த நடுக்கம் தரைக்கு முதலில் வந்துவிடுகிறது, காற்றில் வரும் சத்தம் பின்தங்கிவிடுகிறது, இவளுக்கு வந்து சேருவது அந்த முதலாவது மட்டும்தான். இத்தனை நாள் எங்கள் எல்லோருக்கும் இரண்டும் சேர்ந்து ஒரே வெடியாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அடிக்காத குறை. “புஸ்தகத்துல இருக்கறதையெல்லாம் என் புள்ள மேல ஏத்தாதடி. வாயைக் கழுவு!” என்றாள். ஆனாலும் அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், என் முகத்தைப் பார்க்காமலே, “இப்ப என்னடி பண்ணணுங்கற?” என்று கேட்டாள்.

தரையிலிருந்து அவள் காலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பழைய நூல் புடவையில் தூளி கட்டி, ஸ்டெல்லாவை அதில் உட்காரவைத்தோம். துணி தளர்ந்து ஆடுவதால் நடுக்கம் அவளிடம் போய்ச் சேராது என்பது என் கணக்கு. வேடிக்கை பார்க்க முனியம்மா அக்காவும் வந்து, “இவ ஒரு பெரிய சயின்டிஸ்ட்டு” என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டு வாசலில் நின்றார். ஸ்டெல்லா தன் கால் கட்டைவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். தூரத்தில் விசில் கேட்டது. தட்டுகள் கிலுகிலுத்தன, அவள் நிமிரவில்லை. பிறகு அன்றைக்கென்று பார்த்துப் பெரிய வெடி, தெருநாய்கள் எல்லாம் குரைத்தன. அவள் கட்டைவிரலை விடவில்லை.

அம்மா தூளிக்குப் பின்னால் போய் நின்று, “ஸ்டெல்லா” என்றாள். கொஞ்சம் சத்தமாக, “ஸ்டெல்லாம்மா” என்றாள். அப்புறம் தொண்டை கிழிகிற மாதிரி கத்தினாள். முனியம்மா அக்காதான் ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டு, “அழுவாத தாயி, எம்மேலதான் தப்பு, நான்தான் கேக்குது கேக்குதுன்னு சொல்லிகினு இருந்தேன்” என்று தானும் அழுதார். நான் சொன்னது சரியாகிவிட்டது. அந்த நிமிடம் அது தப்பாகப் போயிருந்தால் பரீட்சையில் சைபர் வாங்கவும் தயாராக இருந்தேன்.

அந்த வாரமே அப்பா லீவு போட்டு, எலக்ட்ரிக் ட்ரெயினில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். “இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா கஷ்டமாயிருக்கும், இப்பவே வந்தீங்களே” என்றார் டாக்டர். மார்பில் தீப்பெட்டி மாதிரி ஒரு காதுக்கருவி, அதிலிருந்து காதுக்கு வயர். பிறகு காது கேளாத பிள்ளைகளுக்கென்று உள்ள பள்ளி. உதட்டைப் பார்த்துப் பேச்சுப் பழகிய நெடுங்காலம். ஸ்டெல்லா பேசினாள். இன்று சேலையூரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் கட்டட வரைபடம் போடுகிறாள், என்னைவிட அதிகமாகவே பேசுகிறாள்.

குவாரியை மூடி வெகுநாளாகிறது. பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது, சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன, புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அங்கே வெடி வைத்தார்கள் என்பதே தெரியாது. போன மாதம் அந்தப் பக்கம் நானும் ஸ்டெல்லாவும் போனபோது, “அப்பாடா, ஒரு தொல்லை ஒழிஞ்சுது” என்றேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“உனக்குத்தான் அது தொல்லை. உங்க எல்லாருக்கும் சத்தம் வர்றதுக்கு முன்னாடி எனக்கு வந்தது அது ஒண்ணுதான்க்கா.”