வெட்டிய பாரை மீன்

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் நிந்தவூரிலிருந்து சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, இரண்டு சூட்கேஸோடு, பழைய பெட்ஷீட்டில் சுற்றிய பெரிய ஓவியம் ஒன்றையும் கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த கூட்டாளி கல்யாணப் பரிசாக வரைந்து கொடுத்தது. கறுப்பாக ஒரு திட்டு, குறுக்கே இரண்டு சிவப்புக் கீற்று, மூலையில் மஞ்சள். அதன் பெயர் கடலாம்.

முன்சுவரில் அவர் ஆணி அடிக்கும்போது உம்மா கேட்டா: "மகன், இதுல எந்தப் பக்கம் மேல?"

அவர் பொறுமையாகக் காட்டினார்.

நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு விலங்கியல் படிப்பித்தேன். தவளையின் இதயத்தைக் கரும்பலகையில் வரையும்போது ஒரு வால்வு இடம் மாறினாலும் அழித்துவிட்டுத் திரும்ப வரைகிற ஆள். கடலோ எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. சுவரில் இருந்தது கடல் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் புது மாப்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? எட்டு மாதம் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கணவரின் பட்டச் சான்றிதழுக்குக் கண்ணாடி போடக் கல்முனைக்குப் போனோம். கடையில் மக்கா படங்களுக்கும் குர்ஆன் ஆயத்துகளுக்கும் பின்னால், ஹார்ட்போர்ட் துண்டில் வரைந்த ஓவியம் ஒன்று சாய்ந்திருந்தது. எனாமல் சட்டியில், தலை வெட்டிய பாரை மீன். சட்டியின் அடியில் ரத்தம் கலந்த தண்ணீர். விளிம்பில் எனாமல் உதிர்ந்த இடத்தில் துரு. குனிந்து பார்த்தேன், மீன் வாடை அடிக்கும் என்றே நினைத்தேன்.

"இது ஆரு கீறின?"

"நான்தான் டீச்சர். வேல இல்லாத நேரத்துல சும்மா கீறின" என்றார் கடைக்காரர். "ஆனா எங்கட ஊடுகள்ல மீன் படம் மாட்டுவாங்களா?"

அவர் சொன்னது சரி. உயிருள்ளவற்றின் படங்களைச் சுவரில் தொங்கவிட எங்கள் வீடுகளில் விரும்புவதில்லை. இருந்தும் அதை விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை. வாங்கிவிட்டேன்.

வீட்டில் உம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தா.

"தலதான் இல்லியே. இதுல உசிர் எங்க இரிக்கி? மாட்டு" என்றா. பிறகு இன்னும் கிட்டப் போய், "ஆனா இது இண்டைக்குப் புடிச்ச மீன் இல்ல. சதையப் பாரு, மங்கிப் போச்சி."

அடுத்த முறை கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஓம் டீச்சர், ரெண்டு நாளா வெச்சிக் கீறின. பொஞ்சாதிக்கிட்ட நல்லா ஏச்சும் வாங்கின."

முன்சுவரில் இடம் ஒன்று, படம் இரண்டு. கணவர் என்னைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லு. கூட்டாளிட படம் உனக்குப் புடிக்கல்லதானே?"

"முதல் நாளே புடிக்கல்ல."

"அப்ப எட்டு மாசமா என்னத்துக்குத் தூசி தட்டின?"

"உங்களுக்குப் புடிச்சிருந்திச்சே."

அவர் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றித் தன் அறையில் மேசைக்கு மேலே மாட்டினார். அவர் கணித ஆசிரியர். விடைத்தாள் திருத்திக் களைத்தால் அதைப் பார்ப்பாராம், மனம் அடங்குமாம். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, நம்பினேன்.

பள்ளிக்கூட விடுமுறையில் அந்தக் கூட்டாளி கொழும்பிலிருந்து வந்தார். வழியெல்லாம் ராணுவம் பஸ்ஸை நிறுத்திச் சோதித்ததில் களைத்துப்போயிருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் கண் சுவரைத் தேடியது. என் கணவர் அவசரமாக, "சுவருக்கு வெள்ள அடிச்ச நேரம்..." என்று தொடங்கினார்.

அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு நான் இடையில் புகுந்தேன். "இல்ல காக்கா. அத அறைக்கு மாத்தினது நான்தான். எனக்கு அதுல கடல் தெரியல்ல."

அவர் முன்சுவரில் இருந்த மீனைக் காட்டினார்.

"மீன் தெரியுதா?"

"தெரியுது. சட்டியில துருவும் தெரியுது."

அவர் கை கழுவிவிட்டு மீனுக்கு முன்னால் போய் நின்றார். கேமராவே இதைச் செய்யுமே என்று சொல்லப்போகிறார் என நினைத்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "தங்கச்சி, இந்தச் சட்டி என்ன நிறம்?" என்று கேட்டார்.

"வெள்ள."

"கிட்ட வந்து பாருங்க. இதுல வெள்ளையே இல்ல."

பார்த்தேன். நீலமும் மஞ்சளும் சாம்பலும்தான் இருந்தன. இத்தனை நாளும் நான் கண்ட வெள்ளை அங்கே இல்லை. இதைச் செய்த மனிதரைப் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

மறுநாள் கல்முனைக்குக் கூட்டிப்போனோம். நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை இரண்டு பேரும் எண்ணெயையும் தூரிகையையும் பற்றிக் கதைத்தார்கள். கண்ணாடி வெட்டக் கொடுத்தவர்கள் வந்து வந்து திரும்பினார்கள். நானும் கணவரும் பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்தோம்.

கூட்டாளி ஊருக்குக் கிளம்புமுன், தன் படத்தை நான் இன்னொரு தரம் பார்க்க முடியுமா என்று கேட்டார். அறைக்குப் போய் நேர்மையாகக் கால் மணி நேரம் நின்றேன். அந்தச் சிவப்புக் கீற்றுகள் அழகுதான். ஆனாலும் கடல் வரவில்லை.

"இன்னும் தெரியல்ல காக்கா."

"பரவாயில்ல தங்கச்சி" என்றார். முகத்தில் கோபம் இல்லை.

அவர் பஸ் ஏறும்போது கையில் கடைக்காரர் வரைந்த ஹார்ட்போர்ட் ஒன்று இருந்தது. பள்ளிவாசல் படியில் கழற்றிப்போட்ட செருப்புகளின் படம். நான் வாங்கவென்று இரண்டு மாதமாகக் கண் வைத்திருந்த படம் அது.