நா எழவில்லை

தில்லிக்கு வந்த புதிதில் 'நா' என்ற ஓரெழுத்து என்னைப் பாடாய்ப் படுத்தியது. இந்தியில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். ஆனால் காய்கறி வண்டிக்காரர் 'லே லோ நா' என்றால் 'வாங்கிக்கோயேன்' என்று கெஞ்சுகிறார். அலுவலகத்தில் 'பைட்டோ நா' என்று உட்காரச் சொன்னபோது, வேண்டாம் என்கிறார்களோ என்று நான் மரியாதையாக நின்றுகொண்டே இருந்தேன். மறுப்புக்கும் கெஞ்சலுக்கும் ஒரே ஒலியை வைத்துக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ என்று ஊருக்கு வந்தபோது கேலி பேசியிருக்கிறேன். நம் பேச்சில் அதே 'நா'தான் 'நான்' என்பதும்.

தொண்ணூறுகளின் கடைசியில் முனிர்காவில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். அங்கே சந்துகள் மிகவும் குறுகலானவை. பனிமூட்டக் காலத்தில் பட்டப்பகலிலேயே எதிர்வீடு தெரியாது; இருமலும் குக்கர் சத்தமும் மட்டும் எங்கிருந்தோ வரும். என் அறைக்குக் கீழே செல்வி இருந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கம். இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். புருஷனுக்குக் கட்டட வேலை. வாரக்கணக்கில் ஃபரீதாபாத் பக்கம் தங்கிவிடுவான். அவர்களைத் தில்லிக்கு அழைத்துவந்து வேலையும் அறையும் பிடித்துக் கொடுத்தவர் அவர்கள் ஊர் மேஸ்திரி. செல்விக்கு அவர் 'அண்ணன்'. இந்திக்காரன் எவனாவது வம்பு செய்தால் அண்ணனிடம் சொல்லு என்று நானே அவளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். நம் பாஷை பேசுகிறவன் நம் ஆள் என்பது வெளியூரில் நாம் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

அன்று அலுவலகம் விட்டு வந்தபோது செல்வியின் கதவு திறந்து கிடந்தது. பக்கத்து அறைக்காரி பிம்லா, ஹரியானாக்காரி, அவளைத் தன் கம்பளிக்குள் சேர்த்து அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பனி அறைக்குள்ளும் வந்திருந்தது. செல்வி 'நா' என்று ஆரம்பிப்பாள். நின்றுவிடுவாள். மறுபடியும் 'நா'. முகம் அசையவே இல்லை. ஒலி மட்டும் வந்தது.

நடந்ததைப் பிம்லாதான் இந்தியில் சொன்னாள். மத்தியானம் மேஸ்திரி வந்திருக்கிறார். செல்வி அண்ணா என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பழகி, அவர் இவளுடைய சொந்தச் சகோதரன் என்றே பிம்லா இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். பிறகு சுவர் வழியாக 'நா, நா' என்ற சத்தம். முதலில், அண்ணன் தங்கைக்குள் ஏதோ சச்சரவு என்று இருந்தாளாம். ஆனால் அந்தக் குரல் ஒரு மாதிரியாக இருந்ததால் பூரிக்கட்டையால் கதவை இடித்திருக்கிறாள். அவர் சட்டையைக் கையில் பிடித்தபடி பனிக்குள் போய்விட்டார். "வேண்டாம் வேண்டாம் என்று இவள் சொன்னது என் காதில் விழுந்தது, எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்" என்றாள்.

அதை நான் தமிழில் சொன்னதும்தான் செல்வி வாய் திறந்தாள். "நா வேணாம்னு சொல்லலக்கா. சொல்லணும்னுதான் பாத்தேன். நா, நா-ன்னு அதுக்கு மேல வாயே வரல. கை காலும் என்னுது மாதிரியே இல்ல. சொல்லாதது என் தப்புதான?"

பிம்லாவுக்குத் தெரிந்தவர்கள் மூலம் பெண்கள் அமைப்பு ஒன்றிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். நிதானமானவர். குளிக்க வேண்டாம், துணியை அலச வேண்டாம், முதலில் டாக்டர், புகார் கொடுப்பதா என்பதைச் செல்விதான் முடிவு செய்ய வேண்டும், யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்றார். பிறகு செல்வியைப் பார்த்து, "தும்ஹாரி மர்ஜி தீ?" என்று கேட்டார். உனக்கு இதில் இஷ்டம் இருந்ததா என்று பொருள். 'வேண்டாம் என்று சொன்னாயா' என்று அவர் கேட்கவில்லை.

அதை எப்படித் தமிழில் கேட்பது என்று நான் திணறினேன். சம்மதம் என்ற சொல் வாய்வரை வந்தது. என் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது அவள் காப்பித் தட்டுடன் தலையைக் குனிந்து நின்றாள். பொண்ணுக்குச் சம்மதம் என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த சம்மதம் அவ்வளவுதான். கடைசியில், "உனக்கு இஷ்டமான்னு கேக்கறாங்க" என்றேன்.

செல்வி கம்பளியை விலக்கி நிமிர்ந்தாள். "அத யாருமே எங்கிட்ட கேக்கலியேக்கா" என்றாள்.

"அப்படியானால் தப்பு உன் மேல் இல்லை. பயத்தில் உடம்பு மரத்துப் போகும், அதற்குப் பெயர் இஷ்டம் இல்லை" என்றார் அந்த அம்மாள். அதை நான் இரண்டு முறை மொழிபெயர்த்தேன்.

டாக்டரிடம் காட்டித் திரும்பிய அன்று முதல் செல்வி என் அறையிலேயே படுத்துக்கொண்டாள். கீழே பூட்டிக் கிடந்த அறையைக் கடக்கும்போது பிம்லா முக்காட்டை இழுத்துவிட்டு ஓடுவாள். சுவரில் இன்னும் அந்தச் சத்தம் கேட்கிறதாம். எனக்கும் கேட்டது. காய்கறி வண்டிக்காரரின் 'லே லோ நா'தான் என்று தெரிந்தும் முதுகு சிலிர்க்கும்.

புருஷன் வந்தான். விஷயம் கேட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வேலையும் போகும், அறையும் போகும். ஆனாலும் புகார் கொடுப்பதென்று செல்வி சொன்னதும் ஸ்டேஷன் வாசல் வரை கூடவே வந்தான். போகிற வழியில் அவளிடம் சொன்னேன்: நீ சொன்ன நா இந்தியில் வேண்டாம்தான், அப்படியே இருக்கட்டும், கேஸுக்குப் பலம். அவள் தலையாட்டி மறுத்தாள். "நா சொன்னது நான்-னுதான்க்கா. உள்ளதே போதும்."

ஸ்டேஷனில் பெண் அதிகாரி ஒருவர் எழுதத் தயாரானார். செல்வி தமிழில் சொல்லச் சொல்ல, நான் 'என்னை', 'என் வாயை' என்று அவளாகவே இந்தியில் பேசினேன். மொழிபெயர்ப்பவர் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அந்த அம்மாள் கற்றுக்கொடுத்திருந்தார். என் வாயிலிருந்து வந்த அந்த 'நான்' யாருடையது என்று ஒரு கட்டத்தில் எனக்கே புரியவில்லை. அலுவலக நெரிசல் பஸ்கள், ஊரில் ஒரு உறவுக்காரர் வீட்டு மச்சு, நான் யாரிடமும் சொல்லாதவை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வந்து நின்றுகொண்டன. குரல் நடுங்கிற்று. அதிகாரி பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். இது உங்களுக்கு நடந்ததா, இவருக்கா என்று கேட்டார்.

எந்த மொழியில் பதில் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

செல்வி என் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "மேரே சாத்" என்றாள். எனக்கு நடந்தது என்று பொருள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் இந்தி அது. அதிகாரி எழுத ஆரம்பித்தார். செல்வியின் 'நான்' அவளிடம் போய்விட்டது. என்னுடையது இரண்டு மொழிக்கும் நடுவில், அந்த நாற்காலியில், தனியாக உட்கார்ந்திருந்தது.