திரும்பிப் பார்த்த தூண்

எங்க வீட்டு மூத்த மருமக, என் ஓரகத்தி, கம்பி கட்டுறவ. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி ஏறிடக் கூடாதுன்னு இடுப்பு உயரத்துக்கு நட்டு வைப்பாங்களே, அந்த சிமெண்ட் தூணுங்களுக்குள்ள இருக்கிற கம்பிக்கூடு எல்லாம் அக்கா கையால கட்டினது. நான் அதே பட்டறையில ஜல்லி அள்ளுறேன். வாயைத் திறந்தா அவளுக்கு எரிஞ்சு விழத்தான் தெரியும். அவகிட்ட ஒரு வாய் தண்ணி கேட்க மாமியாரே யோசிப்பாங்க. மக பாப்பா பேச்சை எடுத்தா மட்டும் உருகிடுவா.

தூணைத் தலைகீழாத்தான் வார்ப்போம். மொட்டைத் தலை அச்சுக்குள்ள கீழே, அடி மேலே. அடியில நாலு கம்பி நீட்டிக்கிட்டு நிக்கும். அதுதான் தூணுக்குக் கால், தரைக்குள்ள போய்ப் பிடிச்சுக்கும். அக்கா காய்ச்சல்ல படுத்திருந்தப்போ புதுசா வந்த கம்பி வெட்டுறவன், என்னடா இது அசிங்கமா நீட்டிக்கிட்டிருக்குன்னு காலை வெட்டித் தள்ளிட்டான், புண்ணியவான்! காய்ச்சல் விட்டு வந்து குப்பையில துண்டுங்களைப் பார்த்ததும் அக்காவுக்கு முகமே வெளிறிப்போச்சு. அந்தத் தூணுங்க போனது பாப்பா படிக்கிற பள்ளிக்கூட வாசலுக்கு.

"எத்தனை தூணுக்குடா வெட்டினே?"

"ஞாபகம் இல்லக்கா."

மேஸ்திரி கையை விரிச்சுட்டார். "மண்ணுக்குள்ள இருக்கறதை யாரு பார்க்கப் போறா? பேசாம வேலையைப் பாரும்மா."

நாங்களே போய் ஒவ்வொண்ணா தள்ளிப் பார்த்தோம். ஒண்ணும் அசையலை. எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாடை. ஒவ்வொண்ணுலயும் வெளிச்சம் பட்டா மின்னுற வட்ட ஸ்டிக்கர், ரோட்டைப் பார்த்து ஒட்டினது. நடுத்தூணுல மட்டும் அது பக்கவாட்டுல திரும்பியிருந்துச்சு.

"நேத்துகூட நேராத்தாம்மா இருந்துச்சு. சத்தியமா நான் தொடலை"ன்னான் வாட்ச்மேன். அதுக்கப்புறம் அவன் அந்தப் பக்கமே போகலை.

"கால் இல்லாததுதான் திரும்பும்"னு அக்கா கடப்பாரையைத் தூக்கினா. பெரிய டீச்சர் வந்து கத்தினாங்க, இவ திருப்பிக் கத்தினா. அடி சிமெண்டை உடைச்சுப் பார்த்தா, நாலு காலும் இருக்கு. நானும் அக்காவும் சேர்ந்து முட்டியும் இம்மி அசையலை. அப்போ எப்படித் திரும்புச்சு? எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்னுச்சு. "வாக்கா, போயிடலாம்"னு கையைப் பிடிச்சு இழுத்தேன்.

அவ வரலை. ஸ்டிக்கர் எந்தப் பக்கம் பார்த்துச்சோ, அந்தப் பக்கத்துத் தூணையே பார்த்தா. அதைத் தோண்டினா கால் இல்லை.

"அப்பாடா, சனியன் தொலைஞ்சுது"ன்னு அதைப் பிடுங்கிப் போட்டுட்டு வந்தோம். அக்கா அன்னைக்கு வாய்விட்டுச் சிரிச்சா. ஒண்ணே ஒண்ணுதான்னு நினைச்சுட்டோம், முட்டாளுங்க.

மறுநாள் காலையில பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறப்போ பாப்பா எங்களுக்கு முன்னாடி ஓடிட்டா. என் கண்ணு தன்னால நடுத்தூணுக்குப் போச்சு. ஸ்டிக்கர் நேத்து இருந்த பக்கம் இல்லை. நேரெதிர்ப் பக்கமா, வாசலோரத்துக் கடைசித் தூணைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. அந்தத் தூணுக்குப் பின்னாடி, அதுமேல ஒரு கையை ஊணிக்கிட்டு, பாப்பா ஷூவைச் சரி பண்ணிக்கிட்டிருந்தா. தண்ணி லாரி ஒண்ணு ரிவர்ஸ்ல அந்தத் தூணைப் பார்த்து வந்துக்கிட்டிருந்துச்சு.

அக்கா கத்தினா. அது அவ வழக்கமான கத்தல் இல்லை. பேர்கூட வரலை, வெறும் சத்தம். பாப்பா பயந்து ஓடி வந்து அவ இடுப்பைக் கட்டிக்கிட்டா. லாரி தூணை லேசாத்தான் உரசுச்சு. பாப்பா நின்ன இடத்துமேல தூண் அப்படியே சாஞ்சு விழுந்துச்சு, அடியில ஒரு கம்பிகூட இல்லாம.